பதிமூணா... முப்பதா? பாலசமுத்திரம் திண்ணையில் கோடை விடுமுறை இங்கிலீஷ்!

(நமது நிருபர்)

பாலசமுத்திரம், மே மாதம்.

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாய்கூட சாக்கடை ஓரம் ஒதுங்கிப் படுத்துவிட்டது. பழனியில் இருந்து டவுன் பஸ்சில் வந்து இறங்கினால், தெருவில் ஒரு ஈ, காக்கா இல்லை. ஆனால் ஒரு திண்ணையில் இருந்து மட்டும் சத்தம் கேட்கிறது.

"தேர்ட்டீன்... தேர்ட்டி! ஃபோர்ட்டீன்... ஃபார்ட்டி! ஃபிஃப்டீன்... ஃபிஃப்டி!"

பதினைந்து, பதினாறு பிள்ளைகள். கோரஸ் போடுகிறார்கள். ஒரு சிறுவன் கையில் பாதி கடித்த மாங்காய். ஒரு பெண் மடியில் தம்பிப் பாப்பா. நடுவில் நாற்காலி போட்டு ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் உட்கார்ந்து இருக்கிறார். கையில் பனை விசிறி. பிரம்பு இல்லை!

பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. ஜூன் பிறந்தால்தான் மணி அடிக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு என்ன தலைவிதி, வெயிலில் உட்கார்ந்து இங்கிலீஷ் படிக்க? விசாரித்தேன். விசாரிக்க வந்தவனே நானும் அந்தக் கோரசில் சேர்ந்துவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். காரணம் உண்டு.

17 பவுன் எங்கே?

சில மாதங்களுக்கு முன்பு ஒரு திருட்டு வழக்கு. அதிகாரி வடக்கே இருந்து வந்தவர். நிருபர்களிடம் மளமளவென்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார். எத்தனை பவுன் மீட்கப்பட்டது என்பதை அவர் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். "30 பவுன் நகை மீட்பு" என்று மாலையில் பேப்பர் வந்தது.

மறுநாள் காலையில் நகையைப் பறிகொடுத்த வீட்டுக்காரர் நாலு ஆட்களோடு ஆபீஸ் வாசலில் நின்றார். "போலீசில் என் கைக்கு வந்தது 13 பவுன். நீங்க 30 பவுன்னு போட்டிருக்கீங்க. மீதி 17 பவுன் எங்கே? எந்த ஏட்டு அமுக்கினாரு?"

பலே! அந்த ஏட்டு என்ன பாவம் செய்தார்? அதிகாரி சொன்னது தேர்ட்டீன். என் காதில் விழுந்தது தேர்ட்டி. மறுநாள் திருத்தம் போட்டோம். மன்னிப்பும் கேட்டோம். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

நான் படித்தது தமிழ் மீடியம். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் தட்டுத் தடுமாறிப் பாஸ். கட்டுரை, கடிதம் எல்லாம் கடகடவென்று மனப்பாடமாக எழுதுவேன். ஆனால் ஒருத்தர் எதிரே நின்று பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நம் வாசகர்களில் பாதிப் பேருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

பாலசமுத்திரம் என் அம்மா பிறந்த ஊர். பழனி மலைக் கோவிலுக்கு வருகிறவர்கள் பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அந்தக் காலத்துப் பாளையக்காரர்களின் ஊர் இது. அகோபில வரதராஜப் பெருமாள் கோவில் இருக்கிறது. தெற்கே மலை, கொஞ்சம் தள்ளிப் பாலாறு-பொருந்தலாறு அணை. 1985-ல் திண்டுக்கல் மாவட்டம் பிரிகிற வரைக்கும் மதுரை மாவட்டத்தில் இருந்தது. மாமா வீட்டுக்கு மூன்று நாள் லீவில் வந்தேன். வந்த இடத்தில் திண்ணை வகுப்பு! அதோடு ஒரு மோசடிக் கதையும் கிடைத்தது.

"அம்மா, சார் இருக்காருங்களா?"

திண்ணையில் ஓரமாக உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்தாள் ஒரு மாணவி. பிளஸ்-2 முடித்து இருக்கிறாள். நர்சிங் படிக்க ஆசை. அப்பா சுமை தூக்கும் தொழிலாளி. அம்மா தென்னந்தோப்பில் கூலி வேலை.

பரீட்சை முடிந்த கையோடு பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு நோட்டீஸ் ஒட்டி இருந்தது. "30 நாளில் சரளமான இங்கிலீஷ்! வேலைக்கு உத்தரவாதம்! முன்பதிவுக்கு முந்துங்கள்!" வாடகை அறை, ரெண்டு பெஞ்சு, சுவரில் லண்டன் மணிக்கூண்டுப் படம். டை கட்டிய ஆசாமி ஒருவர். மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டினால் சலுகை என்றார்.

அப்பா யோசிக்கவில்லை. மனைவியின் தோட்டை அடகு வைத்து 7,500 ரூபாய் கட்டினார். நாலு நாள் வகுப்பு நடந்தது. "குட் மார்னிங், ஹவ் ஆர் யூ" வரை வந்தது. ஐந்தாம் நாள் கதவில் பூட்டு. ஆசாமி கம்பி நீட்டிவிட்டார்!

இனிமேல்தான் கேளுங்கள் கொடுமையை. அப்பா அந்த ஆசாமியின் நம்பருக்குப் போன் போட்டார். ஒரு பெண் குரல் பேசியது. வேற்று மாநிலத்து சிம் போல இருக்கிறது, தமிழ் வரவில்லை. இந்தி, பிறகு இங்கிலீஷ். இவர் மரியாதையாக, "அம்மா, சார் இருக்காருங்களா? நான் பாலசமுத்திரத்துல இருந்து பேசுறேன். என் பொண்ணு வகுப்பு எப்ப திறப்பீங்க?" என்று கேட்டார். லைன் கட்டாகிவிட்டது. மறுநாளும் போட்டார். மறுநாளும் அதே பெண் குரல். இப்படி ஒரு வாரம்!

"அந்தம்மா ஏதோ இங்கிலீஷ்லயே பேசுதுங்க தம்பி. நாம கேக்குறதுக்குப் பதில் சொல்ல மாட்டேங்குது. பெரிய ஆபீசு போலன்னு நினைச்சேன்" என்றார் என்னிடம். சொல்லும்போது சிரிக்கத்தான் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் ராத்திரி மகள் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள். "ஸ்விட்ச்டு ஆஃப்" என்ற இரண்டு வார்த்தை அவளுக்குப் புரிந்தது. "அப்பா, அது ஆள் இல்லை, மெஷின். போனை அணைச்சு வெச்சிருக்கான்." ஏமாந்தோம் என்பது அந்த நிமிஷத்தில்தான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது.

போலீசில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி இருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டியதற்கு ரசீது இல்லை. ஆசாமியின் சொந்த ஊர் தெரியாது. பேர் நிஜப் பேரா என்பதே சந்தேகம். ஏமாற்றுப் பேர்வழியை "ஃபோர் ட்வென்ட்டி" என்று நாம் திட்டுவோமே, அந்த 420-வது பிரிவு இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. மோசடிக்கு 318-வது பிரிவு. ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பிரிவு இருக்கிறது, ஆள் கிடைக்க வேண்டுமே!

விடுமுறை வந்தால் இந்த மாதிரி நோட்டீசுகள் காளான் போல முளைக்கும். எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று சொல்லவில்லை. நல்லபடியாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டுகிறவர் முகவரி போட்ட ரசீது கேளுங்கள். மாதா மாதம் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ரெண்டு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேளுங்கள். ஒழுங்கானவர் சம்மதிப்பார். "30 நாளில் சரளம்" என்று யார் சொன்னாலும் ஒரு அடி பின்னால் நில்லுங்கள். பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் வராதது ஒரு மாதத்தில் எப்படி வரும்?

அந்த "இட்" யாரு சார்?

திண்ணை வாத்தியார் ஒரு பைசா வாங்குவது இல்லை. பேரும் போட வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். "பேரைப் போட்டா நாளைக்கு ஐம்பது பேரு வந்து நிப்பாங்க தம்பி. திண்ணை தாங்காது."

அவர் நடத்துகிற முறை வேடிக்கையாக இருக்கிறது. கிராமர் புத்தகம் வீட்டில் இருக்கிறது. ரென் அண்டு மார்ட்டின். 1930-களில் வந்த புத்தகம், இன்னும் கடையில் விற்கிறது. ஆனால் அதைத் திறப்பது இல்லை. அலமாரியில் ரேபிடெக்சும் இருக்கிறது. கிரிக்கெட் கபில்தேவ் விளம்பரத்தில் வருவாரே, அதேதான். அதையும் திறப்பது இல்லை. "அதெல்லாம் நல்ல புத்தகம்தான். ஆனா நீச்சல் புத்தகத்தைப் படிச்சுட்டு பாலாத்துல குதிக்க முடியுமா?" என்கிறார்.

முதலில் காது. தேர்ட்டீனுக்கும் தேர்ட்டிக்கும் என்ன வித்தியாசம்? நாம் இரண்டையும் ஒரே அழுத்தத்தில் சொல்கிறோம், அதனால் குழம்புகிறது. தேர்ட்டி என்றால் முதலில் அழுத்தம், வால் சின்னதாகத் தேய்ந்துவிடும். தேர்ட்டீன் என்றால் கடைசியில் அழுத்தம், "டீன்" என்று நீளும். இதைக் கைதட்டிச் சொல்லிக் கொடுக்கிறார். முன்னால் தட்டினால் முப்பது, பின்னால் தட்டினால் பதிமூன்று. பத்தே நிமிஷம். எனக்கு 17 பவுன் மிச்சமாகி இருக்கும்!

அடுத்தது எழுத்து. தமிழில் ஒரே "ப"தான். இங்கிலீஷில் இரண்டு. நாம் "பஸ்" என்று எழுதுகிறோம், "பேப்பர்" என்று எழுதுகிறோம். இரண்டுக்கும் எழுத்து ஒன்று, சத்தம் வேறு. வாயில் சரியாக வந்துவிடுகிறது, ஆனால் எழுதச் சொன்னால் பி-க்கும் பீ-க்கும் தகராறு. க, ட, த மூன்றுக்கும் இதே கதை. தமிழ் வார்த்தை வல்லின மெய்யில் முடியாது. அதனால் நமக்குப் புக் என்பது "புக்கு", பேங்க் என்பது "பேங்க்கு". வார்த்தை ரெட்டை மெய்யில் தொடங்காது. அதனால் ஸ்கூல் என்பது பாட்டிக்கு "இஸ்கூலு". இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்கிறார் வாத்தியார். "பாட்டி தப்பா பேசலை. தமிழ் இலக்கணப்படி இங்கிலீஷைப் பேசுறா!"

பெரிய சிக்கல் வேறு. தமிழில் வினை கடைசியில் வரும். "நான் நேற்று பழனிக்குப் போனேன்." இங்கிலீஷில் போனது நடுவில் வந்துவிடும். நமக்கு "-க்கு" பழனிக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அவனுக்கு "டு" பழனிக்கு முன்னால் நிற்கும். "போனேன்" என்றாலே நான்தான் போனேன் என்று நமக்குத் தெரியும், "நான்" தேவை இல்லை. இங்கிலீஷில் "ஐ" இல்லாமல் வண்டி கிளம்பாது.

"மழை பெய்யுது" என்பதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். "இட் இஸ் ரெயினிங்" என்று ஒரு பெண் சொன்னாள். மாங்காய்ப் பையன் கையைத் தூக்கினான். "சார், அந்த இட் யாரு சார்? மழையா, மேகமா, சாமியா?"

வாத்தியார் கொஞ்ச நேரம் விசிறினார். "யாரும் இல்லடா. நாற்காலி காலியா இருக்கக் கூடாதுன்னு ஒரு ஆளைச் சும்மா உக்கார வெச்சிருக்கான்" என்றார். எத்தனையோ ஆபீசில் நான் பார்த்த ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள்.

27 ஆயிரம் வாத்தியார்கள்

இந்த முறையை எங்கே பிடித்தார் என்று கேட்டேன். தனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவரிடம் இருந்து பாதி, தானாகப் பாதி என்றார். கையில் பேனாவைத் தூக்கிக் காட்டி "திஸ் இஸ் எ பென்" என்று சொல்ல வைத்தவராம் அவர்.

அதன் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய சென்னை ராஜ்யத்தில், ஆரம்ப வகுப்புகளில் இங்கிலீஷ் நடத்தும் 27 ஆயிரம் வாத்தியார்களுக்கு மறுபடியும் பயிற்சி கொடுக்க ஒரு மாபெரும் முயற்சி நடந்தது. "மெட்ராஸ் பனிப்பந்து" என்று அதற்குச் செல்லப் பெயர். 1962-ல் வெளிநாட்டுக் கல்விப் பத்திரிகையிலேயே இதைப் பற்றிக் கட்டுரை வந்தது. முதலில் கொஞ்சம் பேருக்குப் பயிற்சி. அவர்கள் போய் இன்னும் பல பேருக்கு. அவர்கள் மேலும் பல பேருக்கு. பனிப்பந்து உருண்டு உருண்டு பெரிதாவது போல! சென்னை வெயிலில் யார் இந்தப் பேர் வைத்தார்களோ தெரியவில்லை.

பொருளைக் காட்டு, வாக்கியத்தைச் சொல், எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும், எளிதானது முதலில், கடினமானது பிறகு. இதுதான் அந்தக் காலத்துப் பாடம். 1958-ல் ஐதராபாத்தில் இதற்கென்றே மத்திய இங்கிலீஷ் நிறுவனமும் தொடங்கி இருந்தார்கள். அதுதான் வளர்ந்து இன்று பல்கலைக்கழகமாக இருக்கிறது.

ஆனால் அந்த முறையிலும் ஓட்டை இருந்தது. பிள்ளைகள் "திஸ் இஸ் எ பென்" என்று கணீரென்று சொன்னார்கள். பேனா யாருக்கு வேண்டும், எங்கே விற்கிறது என்று கேட்கத் தெரியவில்லை. அதைப் பார்த்தவர் என்.எஸ்.பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிக்கூடங்களில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணம் நடத்தாதே, மனப்பாடம் வேண்டாம், பிள்ளைக்கு ஒரு வேலை கொடு என்றார்! ரயில் டயம்டேபிளைக் கொடுத்து, எந்த வண்டியில் போனால் எப்போது போய்ச் சேரலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். வரைபடத்தைக் கொடுத்து வழி சொல்லச் சொன்னார். மூளை கணக்குப் போடும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் கட்சி. 1987-ல் புத்தகமாக எழுதினார். உலகம் முழுக்க இங்கிலீஷ் வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் பிறந்த சரக்கு. நமக்குத்தான் தெரியாது!

திண்ணை வாத்தியார் இரண்டையும் கலக்கிறார். காலையில் கோரஸ். சாயங்காலம் வேலை. பழனி ஸ்டேஷன் ரயில் நேரத்தை ஒரு அட்டையில் எழுதி வைத்து இருக்கிறார். ஒரு பிள்ளை பயணி. ஒரு பிள்ளை கவுண்ட்டர் கிளார்க். பயணி அட்டையைப் பார்க்கக் கூடாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கிளார்க் எரிந்து விழலாம். அதற்கு அனுமதி உண்டு!

மறதிக்கும் ஒரு கணக்கு

லீவில் பிள்ளைகளை நிம்மதியாக விட வேண்டியதுதானே என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கட்சிதான் பிடிக்கும். ஆனால் மறதி லீவு எடுப்பது இல்லை. 1885-லேயே ஜெர்மனியில் எபிங்காஸ் என்பவர், படித்தது எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று தன்னையே வைத்து அளந்து எழுதினார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, மீதி மெல்ல மெல்லக் கரைகிறது. 1996-ல் அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 39 ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். கோடை விடுமுறை முடிந்து வருகிற பிள்ளை சராசரியாக ஒரு மாதப் படிப்பு பின்தங்கி வருகிறது என்றார்கள். கணக்கும் எழுத்துக்கூட்டலும்தான் அதிகம் பறிபோகிறதாம்.

அமெரிக்காவில் அவர்கள் மறப்பது தாய்மொழி எழுத்துக்கூட்டலை. நமக்கு இது வேற்று மொழி. வீட்டில் பேச ஆள் இல்லை, தெருவில் பேச ஆள் இல்லை. இங்கிருந்து மலை ஏறினால் கொடைக்கானல். அங்கே அமெரிக்கப் பாதிரிமார்கள் 1901-ல் தொடங்கிய பள்ளிக்கூடம் இருக்கிறது, நாள் முழுக்க இங்கிலீஷ்தான். கீழே பாலசமுத்திரத்துப் பிள்ளைக்கு ஏப்ரலில் பரீட்சை முடிந்தால் ஜூன் வரைக்கும் காதில் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் விழாது. போன் இருக்கிறதே என்பீர்கள். வீட்டுக்கு ஒரு போன். அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் பிள்ளை கைக்கு வரும். வாத்தியார் அதற்கும் ஒரு வழி வைத்து இருக்கிறார். படம் பார்க்காதே, இரண்டு நிமிஷம் நீயே பேசிப் பதிவு செய், போட்டுக் கேள், தப்பை நீயே பிடி. அவ்வளவுதான் வீட்டுப் பாடம்.

சில பிள்ளைகள் வருவதே இல்லை. ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்புக்குப் போகிறார்கள். சிலர் பழனியில் கடைகளில் எடுபிடி. அவர்களை வாத்தியார் திட்டுவது இல்லை. "ராத்திரி வாடா" என்கிறார். ஒருவன் வருகிறானாம்.

பீஜித் தீவும் கொரியாவும்

பணம் உள்ள நாடுகள் என்ன செய்கின்றன? தென் கொரியாவில் "இங்கிலீஷ் கிராமம்" என்றே கட்டினார்கள். 2004-ல் ஆன்சானில் ஒன்று, 2006-ல் பாஜூவில் ஒன்று. பொய் விமான நிலையம், பொய் பேங்க், பொய் தபால் ஆபீஸ். உள்ளே போன பிள்ளை இங்கிலீஷில் பேசித்தான் காரியம் சாதிக்க வேண்டும். கோடி கோடியாகக் கொட்டினார்கள். பிற்பாடு பல கிராமங்கள் நஷ்டத்தில் தள்ளாடின.

பீஜித் தீவில் நடந்தது வேறு. கரும்புத் தோட்டத்துக்கு நம் ஆட்கள் கப்பல் ஏறிப் போனார்களே, அதே பீஜி. 1980-ல் எல்லி, மங்குபாய் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு 250 இங்கிலீஷ் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். படம் போட்ட சுவாரசியமான புத்தகங்கள். 9 முதல் 11 வயதுப் பிள்ளைகள். தினமும் கொஞ்ச நேரம் படிக்க விட்டார்கள், வாத்தியாரும் படித்துக் காட்டினார். எட்டு மாதம் கழித்துப் பரீட்சை வைத்தால், படிப்பதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் சாதாரண வேகத்தைப் போல இரண்டு மடங்கு முன்னேற்றம்!

சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாகாணம்தான், 1948-ல். கிளை நூலகத்தில் இங்கிலீஷ் அலமாரியை யாராவது திறந்து பார்த்தீர்களா? நான் பார்த்தேன். படம் போட்ட சின்னப் பிள்ளைக் கதைகள் நாலு இருந்தால் அதிகம். மீதி எல்லாம் தலையணை கனத்தில் போட்டித் தேர்வுப் புத்தகம். சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?

அடகு ரசீது

கொரியாக்காரன் பொய் பேங்க் கட்டினான். வாத்தியாரிடம் காசு இல்லை. அதனால் நிஜத்தையே எடுத்துக்கொண்டார். "நாளைக்கு வரும்போது வீட்டுல இங்கிலீஷ்ல இருக்கிற காகிதம் எதுவா இருந்தாலும் கொண்டு வாங்க" என்றார்.

மறுநாள் திண்ணையே கண்காட்சி! மாத்திரை அட்டை, கியாஸ் ரசீது, பேங்க் பாஸ்புக், உரமூட்டைச் சாக்கு, பிஸ்கட் காகிதம். மாத்திரை அட்டையில் எக்ஸ்பைரி தேதியைத் தேடச் சொன்னார். ஒரு பையன் கத்தினான், "சார், எங்க ஆயா மாத்திரை போன வருஷமே முடிஞ்சு போச்சு!" அப்படியே வீட்டுக்கு ஓடினான்.

அந்தப் பிளஸ்-2 மாணவி கொண்டு வந்தது அடகு ரசீது.

அம்மாவின் தோடு போன ரசீது. முன்பக்கம் தமிழில் பேர், எடை, தொகை. பின்பக்கம் பொடிப்பொடி எழுத்தில் முழுக்க இங்கிலீஷ். மூன்று மாதத்தில் மீட்காவிட்டால் தோட்டை உருக்கிவிடுவார்கள் என்று யாரோ அப்பாவிடம் கிளப்பிவிட்டு இருக்கிறார்கள். அந்த மனிதர் அன்றில் இருந்து ராத்திரித் தூக்கம் இல்லாமல் இருக்கிறார். கல்யாணத்தில் போட்ட ஒரே நகை அது.

பிள்ளைகள் எல்லோரும் ரசீதைச் சுற்றிக் குனிந்தார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார், வாய் திறக்கவில்லை. "ரிடீம்" என்றால் என்ன என்று டிக்ஷனரி புரட்டினார்கள். மீட்பது. "வித்தின்" என்றால் அதற்குள். "ட்வெல்வ் மன்த்ஸ்". ஒரு சின்னப் பெண் விரல் விட்டு எண்ணினாள். பன்னிரண்டு மாதம்!

மாணவி இன்னொரு தடவை முதலில் இருந்து படித்தாள். உதடு நடுங்கியது. பிறகு எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, "சார், அப்பாகிட்ட சொல்லிட்டு வந்துடுறேன்" என்று கிளம்பிவிட்டாள். லோடு இறக்கும் இடம் முக்கால் கிலோமீட்டர். அந்த வெயிலில் ஓடியே போனாள்.

சாயங்காலம் அப்பா திண்ணைக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கீழேயே நின்றார். "மேல வாங்க, உக்காருங்க" என்று வாத்தியார் எத்தனை சொல்லியும் ஏறவில்லை. "இல்லைங்க சார், இருக்கட்டும். வட்டி மட்டும் மாசா மாசம் கட்டிட்டு வந்தா போதும்னு பாப்பா படிச்சுச் சொல்லிச்சு" என்றார். பழத்தைத் திண்ணையில் வைத்தார். அதைப் பங்கு போடுவதில் மாங்காய்ப் பையனுக்கும் இன்னொருவனுக்கும் சண்டை. சண்டையை இங்கிலீஷில் போட வேண்டும் என்று வாத்தியார் உத்தரவு போட்டதும் இருவரும் கப்சிப்!

ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் இன்னும் வரவில்லை. லீவு முடிந்து ஊர் திரும்பும் முன்பு நானும் அவரோடு ஸ்டேஷனுக்குப் போய் வந்தேன். மனு விசாரணையில் இருக்கிறது என்றார்கள். அந்தப் போன் நம்பர் இன்னும் அணைத்தபடிதான் இருக்கிறது. நர்சிங்குக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது.

நான் வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே மறுபடியும் ஒரு திருட்டு. அதே அதிகாரி. அதே மளமள இங்கிலீஷ். பவுன் கணக்கு வந்ததும் நான் கையைத் தூக்கினேன். திண்ணையில் கற்றபடி, "சார், ஒன் சிக்சா, சிக்ஸ் ஜீரோவா?" என்று துணிச்சலாகக் கேட்டுவிட்டேன். வயர்லெசில் போலீஸ்காரர்கள் இப்படித்தான் எண்ணைத் தனித்தனியாகச் சொல்வார்கள், குழப்பம் வராது.

அதிகாரி என்னை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பதினாறு தம்பி. பதினாறு. நானும் லீவுல தமிழ் படிச்சேன்."